ஃபெரட்டைப் பச்சை இறைச்சிக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இரண்டு ஃபெரட்டுகள் இருக்கின்றன. நீண்ட உடலுள்ள, இறைச்சி தின்னும் சிறிய வளர்ப்பு விலங்கு இது. சுக்கு குட்டியாக வந்தவன். மிளகு, நான்கு வயதில் இன்னொரு வீட்டிலிருந்து வந்தவள். அதுவரை கடை உலர் உணவைத் தவிர வேறெதையும் மோந்துகூடப் பார்த்ததில்லை. சுக்கு ஒரே வாரத்தில் பச்சை இறைச்சிக்கு மாறிவிட்டான். மிளகுக்குப் பதினொரு வாரம் ஆயிற்று. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தவை.

ஃபெரட்டுக்கு இறைச்சி அவ்வளவு அவசியமா? கொஞ்சம் சோறு, காய்கறி சேர்த்தால் என்ன?

பார்ப்பவர்கள் பலர் இதைக் கீரி என்றே நினைக்கிறார்கள். கீரியின் குடும்பம் வேறு. ஃபெரட், நீர்நாயின் உறவு. ஐரோப்பியப் போல்கேட் என்ற காட்டு விலங்கை மனிதர்கள் 2000 ஆண்டுகளுக்கும் மேலாக முயல் வேட்டைக்கும் எலி பிடிக்கவும் வளர்த்துப் பழக்கியதில் உருவானது. பழக்கம் மாறியது, குடல் மாறவில்லை.

அந்தக் குடலைப் பற்றித் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் தாமாகத் தீர்ந்துவிடும். மிகக் குட்டையான குடல் அது. நார்ப்பொருளை நொதிக்க வைக்கும் பெருங்குடல் பை இதற்குக் கிடையவே கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் விலங்குப் புரதத்தையும் கொழுப்பையும்தான் அதனால் உறிஞ்ச முடியும். சோறும் காய்கறியும் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. நல்ல உணவில், தண்ணீரைக் கழித்த எடையில், புரதம் 30 முதல் 40 விழுக்காடு, கொழுப்பு 15 முதல் 20 விழுக்காடாவது இருக்க வேண்டும். நார்ப்பொருள் மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

உலர் உணவுப் பையில் ‘முழுமையான சத்துணவு’ என்று எழுதியிருக்கிறதே. அது பொய்யா?

பொய் இல்லை. நல்ல உலர் உணவில் வளர்ந்து நீண்ட நாள் வாழ்ந்த ஃபெரட்டுகள் ஏராளம். ஆனால் உருண்டையாகப் பிடிக்க ஏதாவது ஒரு மாவுச்சத்து வேண்டும்; அரிசி, சோளம், பட்டாணி, உருளைக்கிழங்கு ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். தாவரப் புரதம் மிகுந்த தீவனத்தில் சிறுநீர்க் கற்கள் உருவாவதைக் கால்நடை மருத்துவர்கள் நெடுநாளாகவே கவனித்திருக்கிறார்கள். கணையத்தில் வந்து இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும் இன்சுலினோமா கட்டிக்கும் மாவுச்சத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயமும் உண்டு. ஆனால் அது ஐயம்தான், நிறுவப்பட்டதல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இறைச்சிக்கு மாற்றினால் அட்ரினல் நோய் (சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பியில் வருவது) வராது, முடி கொட்டாது என்று சிலர் உறுதி கூறுகிறார்கள். அட்ரினல் நோய்க்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுவது மிகச் சிறு வயதில் செய்யப்படும் கருத்தடை அறுவை சிகிச்சை. அதை எந்த இறைச்சியும் திருத்தாது.

தினமும் கோழி நெஞ்சுக்கறியை வெட்டிப் போட்டால் போதுமல்லவா?

போதாது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

100 கிராம் எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கும். கால்சியமோ 10 மில்லிகிராம்தான். உடம்புக்கு இரண்டும் ஏறக்குறையச் சம அளவில் வேண்டும். வெறும் சதையாகவே தின்றால், இரத்தத்தில் குறையும் கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே சுரண்டி எடுக்கத் தொடங்கும். வளரும் குட்டியாக இருந்தால் சில வாரங்களிலேயே கால் வளையும், நடை தளரும், எலும்பு ஒடியும். ‘சுத்தமான இறைச்சிதான் கொடுக்கிறேன்’ என்று பெருமையாகச் சொல்பவர் வீட்டில் இது நடப்பதுதான் கொடுமை.

ஃபெரட் ஓர் எலியைத் தின்னும்போது சதையை மட்டுமா தின்கிறது? எலும்பு, ஈரல், இதயம், மூளை, தோல் எல்லாம் உள்ளே போகிறது. அந்த எலியை நாம் துண்டு துண்டாகத் திரும்பக் கட்டி எழுப்புகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் சொல்லப்படும் பங்கீடு இது: சதை 75 முதல் 80 விழுக்காடு, தின்னக்கூடிய பச்சை எலும்பு 10 முதல் 15, உறுப்புகள் 10. அந்த உறுப்புப் பங்கில் பாதி ஈரல். மீதிப் பாதி சிறுநீரகம், மண்ணீரல் போன்றவை. இதயமும் இரைப்பையும் உறுப்பல்லவா என்பீர்கள். தசை என்பதால் சமையல் கணக்கில் அவை சதைப் பங்கில் சேரும். இதயத்தில் டாரின் மிகுதி. ஃபெரட்டின் இதயத்துக்கும் கண்ணுக்கும் தேவையான சத்து அது. சதைப் பங்கில் ஐந்தில் ஒன்றாவது இதயமாக இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு கிலோ எடையுள்ள ஃபெரட் நாளுக்கு 60 கிராம் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 420 கிராம். அதில் ஈரல் 21 கிராம், பிற உறுப்பு 21 கிராம், எலும்பு குறைந்தது 42 கிராம். கோழி இறக்கையில் ஏறத்தாழ பாதி எலும்பு என்பதால், சுமார் 90 கிராம் இறக்கையிலேயே அந்த எலும்பு வந்துவிடும். தராசு ஒன்று இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு நாளும் எல்லாம் சரியாக இருக்க வேண்டியதில்லை. வாரக் கணக்கு நேரானால் போதும்.

ஈரல் நல்லது என்பதற்காக அள்ளிப் போடவும் கூடாது. அதிலுள்ள வைட்டமின் ஏ உடம்பிலேயே தங்கிச் சேர்ந்து நஞ்சாகும்.

ஒரே விலங்கின் இறைச்சியையே ஆண்டு முழுவதும் கொடுக்காமல், மூன்று வகையாவது மாற்றி மாற்றிக் கொடுங்கள். பொட்டலத்தில் விற்கும் சில இறைச்சியில் உப்புநீர் ஏற்றியிருப்பார்கள், அது வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுப்பது?

வளர்ந்த ஃபெரட்டுக்கு உடல் எடையில் 5 முதல் 7 விழுக்காடு. வளரும் குட்டிக்கு அதைப் போல இரு மடங்கு வரை, கேட்கும்போதெல்லாம். குளிர்காலத்துக்கு முன் சில ஃபெரட்டுகள், குறிப்பாக ஆண்கள், எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கூட்டி, கோடையில் கரைத்துவிடும். அது நோயல்ல. ஒருநாள் அளவை நான்கைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். நீண்ட இடைவெளி இதற்கு ஆகாது.

எந்த வயதில் மாற்றுவது எளிது?

முதல் ஆறு மாதத்துக்குள். அந்தக் காலத்தில் எந்த வாசனையைத் தின்று பழகுகிறதோ, அதுதான் வாழ்நாள் முழுவதும் ஃபெரட்டுக்கு ‘உணவு’. மற்றதெல்லாம் வெறும் பொருள். மிளகுக்கு முதன்முதலாக ஒரு துண்டு கோழித் தொடையை வைத்தபோது, அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள், மூக்கால் தள்ளித் தட்டுக்கு வெளியே போட்டாள், பிறகு தூளியில் ஏறிப் படுத்துவிட்டாள். வேண்டாம் என்ற அலட்சியம் அல்ல அது. அது தின்கிற பொருள் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வயதான ஃபெரட்டும் மாறும். காலம்தான் கூடுதலாக ஆகும்.

சரி, மாற்றுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, மூன்று வயதைத் தாண்டியிருந்தால் இரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அன்றைய எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றம் முடியும்வரை தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்க வேண்டும். 10 விழுக்காடு குறைந்தால் நிறுத்திவிட்டுப் பழைய உணவுக்குத் திரும்புங்கள்.

நான் தொடங்கியது சூப்பில். பெயர்தான் சூப்பு; அடுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. தோலோடு கூடிய எலும்பில்லாத கோழித் தொடைக்கறி, கொஞ்சம் இதயம், விரல்நுனி அளவு ஈரல் மூன்றையும் தண்ணீர் விட்டு மிக்சியில் மோர்க்குழம்பு பதத்துக்கு அரைப்பேன். எலும்பு இன்னும் வராத கட்டம் என்பதால் அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி முட்டை ஓட்டுப் பொடி. பொடி மாவுபோல நைசாக இருக்க வேண்டும். அரைத்ததைச் சிறு கிண்ணங்களில் உறைய வைத்துவிட்டு, வேளைக்கு ஒன்றாக எடுத்து, ஃபிரிட்ஜில் உருக்கி, கிண்ணத்தை வெந்நீருக்குள் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவருவேன். குளிர்ந்த இறைச்சிக்கு வாசனை இல்லை. வாசனை இல்லாதது ஃபெரட்டுக்கு உணவில்லை.

அடுத்தது ஊட்டுவது. பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கினால் ஃபெரட் தளர்ந்து தொங்கும், பல நேரம் கொட்டாவியும் விடும். அந்த நொடியில் விரல்நுனிச் சூப்பை உதட்டில் தடவிவிட வேண்டும். வாய்க்குள் திணிக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உதட்டில் பட்டதை அது நக்கியே தீரும். நக்கியதும் தரையில் விட்டுவிடுங்கள். முதல் நாள் மிளகு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை; உதட்டைக் கம்பளத்தில் தேய்த்துக்கொண்டே அறை முழுவதும் பின்னோக்கி நடந்தாள். நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் நான்கைந்து நக்கு. அவ்வளவுதான். வழக்கமான உலர் உணவு அதன் இடத்தில் அப்படியே இருக்கும்.

ஒன்பதாம் நாள் என் விரலைத் தேடி வந்து நக்கினாள். பதினான்காம் நாள் விரலைக் கிண்ணத்துக்குள் இறக்கினேன். தலையும் கூடவே இறங்கியது.

கிண்ணத்திலிருந்து தானாகக் குடிக்கத் தொடங்கியபின் சூப்பில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குழம்புப் பதம், பிறகு துவையல் பதம், பிறகு கொத்துக்கறி. கொத்துக்கறியில் ஒன்றிரண்டு தீக்குச்சி அளவுத் துண்டுகளை ஒளித்து வையுங்கள். ஒதுக்கினால் பரவாயில்லை, நாளைக்கும் வையுங்கள். துண்டைக் கடைவாய்ப் பல்லால் அறுத்துத் தின்னப் பழகியதும் அளவைக் கூட்டலாம். எலும்பு கடைசியில்தான்: முதலில் கோழியின் விலா எலும்பு, பிறகு இறக்கை நுனி, பிறகு முழு இறக்கை. இதற்கிடையில் உலர் உணவின் அளவு மெல்லக் குறைந்து, ஒருநாள் அந்தத் தட்டை அது திரும்பியும் பார்க்காது.

சூப்பு பிடிக்காத ஃபெரட்டுக்கு வேறு வழி: பழைய உலர் உணவைப் பொடித்து இறைச்சித் துண்டின்மேல் மாவுபோலப் புரட்டிக் கொடுப்பது. பழகிய வாசனையின் முதுகில் புதிய வாசனை ஏறி வந்துவிடும். மேலே இரண்டு சொட்டு சால்மன் எண்ணெய் விட்டாலும் சிலது மயங்கிவிடும்.

இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்றுவிடாதா?

வேண்டவே வேண்டாம். நாய்க்குச் சொல்லப்படும் யோசனை இது. ஃபெரட்டுக்குச் சில மணி நேரப் பட்டினியே அதிகம். வெளியே தெரியாத இன்சுலினோமா இருந்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை சரிந்து வலிப்பு வரலாம். இல்லாவிட்டாலும், உணவில்லாத நாட்களில் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். பசியை வைத்து மிரட்டி மாற்றிவிட்டேன் என்று சொல்பவர்கள், மிரட்டலுக்குத் தப்பிய ஃபெரட்டைப் பற்றித்தான் சொல்கிறார்கள்.

எலும்பு தொண்டையில் சிக்காதா?

பச்சை எலும்பு வளையும், நசுங்கும். வெந்த எலும்பு சில்லுச் சில்லாகக் கூராக உடையும். ஆகவே வேகவைத்த, பொரித்த, சுட்ட எலும்பு எதுவும் கூடாது. பச்சை எலும்பிலும் பறவை, முயல் போன்ற சிறிய விலங்குகளின் எலும்பே போதும். பெரிய கால்நடைகளின் கால் எலும்பு பல்லை உடைத்துவிடும். ஃபெரட்டுக்கு நிலைப்பற்கள் 34. அவற்றில் ஒரு கோரைப்பல் உடைந்தாலும் மயக்க மருந்து, அறுவை என்று போகும். முதல் சில வாரம் எலும்பு தின்னும்போது பக்கத்திலேயே இருங்கள்.

முட்டை, மீன், பால், பழம்?

முட்டை வாரம் ஒன்று போதும். பச்சை வெள்ளைக்கருவில் பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போடும் பொருள் இருப்பதால் மஞ்சள் கருவை மட்டும் கொடுப்பது மேல். சில பச்சை மீன்களில் தயமின் என்ற வைட்டமினை அழிக்கும் நொதி உண்டு, ஆகவே மீன் அன்றாட உணவாகக் கூடாது. பால் வயிற்றுப்போக்கில் முடியும். பழம், உலர்திராட்சை, இனிப்பு மூன்றையும் ஃபெரட் ஆசையாகத் தின்னும்; கொடுக்காதீர்கள். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா எதுவும் இறைச்சியில் சேரக் கூடாது.

பன்றி இறைச்சி?

நான் கொடுப்பதில்லை. ஆஜெஸ்கி என்ற வைரஸ் நோய் உள்ள பன்றியின் பச்சை இறைச்சியால் ஃபெரட் இறந்துவிடும், சிகிச்சை கிடையாது. டிரிக்கினெல்லா புழுவும் உண்டு. மெல்லிய துண்டுகளை மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் 20 நாள் வைத்தால் பண்ணைப் பன்றியில் உள்ள புழு சாகும், வைரஸ் சாகும் என்று நம்ப முடியாது. வேறு இறைச்சி இருக்கும்போது எதற்கு வம்பு?

கிருமிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாமா?

பயப்பட வேண்டாம், கவனிக்க வேண்டும். சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர், லிஸ்டீரியா எல்லாம் பச்சை இறைச்சியில் இருக்கக்கூடியவை. உறைய வைத்தால் அவை தூங்கும், சாகாது. ஃபெரட் நோயில்லாமல் இருந்தபடியே மலத்தில் அவற்றை வெளியேற்றலாம். அதனால் ஆபத்து அதிகம் அதைத் தூக்கி முத்தமிடும் மனிதருக்குத்தான். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இலேயே நாய், பூனைகளுக்குப் பச்சை இறைச்சி கொடுப்பதை ஊக்குவிக்க மாட்டோம் என்று அறிவித்ததற்கு இதுவே காரணம். வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர் யாராவது இருந்தால், இந்த உணவு வேண்டாம் என்பதே என் கருத்து. இறைச்சி உணவுமேல் எவ்வளவு பற்று இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மற்றவர்களுக்கு: தனிப் பலகை, தனிக் கத்தி, தனிக் கிண்ணம். உருக்குவது ஃபிரிட்ஜுக்குள், 4 டிகிரிக்குக் கீழே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தது குப்பைக்கு. சோப்பால் கை கழுவுங்கள். மலத்தட்டைத் துப்புரவு செய்தபின்னும்தான்.

பறவைக் காய்ச்சல் பரவும் நாட்களில் என்ன செய்வது?

ஃபெரட்டுக்குச் சளிக்காய்ச்சல் வைரஸ்கள் மிக எளிதாகத் தொற்றும். 1933-இல் பிரிட்டனில் மனித இன்ஃபுளூயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரட்டுகளின் உதவியால்தான். ஃபெரட் தும்மியதில் ஆராய்ச்சியாளர் ஒருவருக்குக் காய்ச்சல் தொற்றியதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 பற்றிய செய்திகளை நாம் மற்றவர்களைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியவர்கள். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், உறைய வைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை ஒன்று இந்த வைரஸால் இறந்தது. உறைகுளிர் அதைக் கொல்லவில்லை.

அத்தகைய நாட்களில் பறவை இறைச்சியை 74 டிகிரி வரை சூடேற வேகவைத்து, எலும்பை நீக்கிவிட்டு, முட்டை ஓட்டுப் பொடி சேர்த்துக் கொடுக்கிறேன். வெந்ததில் டாரின் கொஞ்சம் தண்ணீருக்குப் போகும். அந்தத் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றிவிடுவேன். சுக்கு முகம் சுளிப்பான், ஆனாலும் தின்பான்.

மலம் மாறிவிட்டதே, வயிறு கெட்டுவிட்டதா?

மாறத்தான் செய்யும். பழகியபின் அளவு பாதியாகும், நாற்றமும் வெகுவாகக் குறையும். மாறும் நாட்களில் இளகி வருவதும், விதைவிதையாக வருவதும் உண்டு. வெள்ளையாகச் சுண்ணாம்புபோல உதிர்ந்தால் எலும்பு அதிகம். கறுத்து இளகியிருந்தால் உறுப்பு அதிகம், எலும்பு குறைவு. பச்சையாகக் கோழைபோல இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலும், தார்போலக் கறுத்துப் பிசுபிசுத்தாலும் மருத்துவரிடம் போங்கள். பின்னது இரைப்பையில் இரத்தம் கசிவதன் அடையாளம். தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறது என்று பதறாதீர்கள். இறைச்சியில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான்.

இன்சுலினோமா இருக்கும் ஃபெரட்டுக்கு மாற்றலாமா?

மருத்துவரின் மேற்பார்வையில் மட்டும். மாவுச்சத்தில்லாத உணவு இதற்கு ஏற்றதே. சர்க்கரை ஏறி இறங்கும் ஆட்டம் குறையும். ஆனால் மாறும் நாட்களில் ஒரு வேளை தவறினாலும் விபரீதம். வெறித்துப் பார்ப்பது, எச்சில் வடிப்பது, முன்காலால் வாயைப் பிராண்டுவது, பின்கால்கள் துவள்வது ஆகியவை சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். அப்போது ஈறில் துளித் தேன் தடவி, தெளிந்ததும் இறைச்சி கொடுத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். ஏற்கெனவே மருந்து தின்றுகொண்டிருந்தால் அளவை நீங்களாக மாற்றக் கூடாது.

பாதி இறைச்சி, பாதி உலர் உணவு என்று நிறுத்திக்கொள்ளலாமா?

தாராளமாக. எடை போட்டு, எலும்பும் உறுப்பும் கணக்குப் பார்த்துச் செய்ய நேரமில்லாதவர், நல்ல உலர் உணவை அடிப்படையாக வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு மூன்று முறை இறைச்சி கொடுப்பது, அரைகுறை இறைச்சி உணவைவிட நூறு மடங்கு நல்லது. மாற்றியபின்னும் எப்போதாவது உலர் உணவைக் கொறிக்க விடுங்கள்; நீங்கள் ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்பவருக்கு அது கைகொடுக்கும்.

இறைச்சியை எடுத்துக்கொண்டுபோய் ஒளித்து வைக்கிறது. எப்படி நிறுத்துவது?

நிறுத்த முடியாது. பதுக்குவது அதன் பிறவிக்குணம். கூண்டுக்குள், துவைக்கக்கூடிய துணி விரித்த இடத்தில் மட்டும் உணவு வையுங்கள். தின்று முடித்தபின் கதவைத் திறங்கள். அதன் பதுக்கல் இடங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு தினமும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்: சோபாவின் அடி, தூளியின் மடிப்பு, அலமாரியின் பின்புறம். காலணிகளையும் உதறிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். மிளகு முழுதாக இறைச்சிக்கு மாறிவிட்டாள் என்பது எனக்கு உறுதியானதே, ஒரு காலை அவசரமாகக் கிளம்பும்போது வலது காலணிக்குள் என் விரல்கள் ஒரு கோழி இதயத்தைத் தொட்டபோதுதான்.